ஸ்பெயின் நூலக மாநாடும் நம் கல்லூரியின் இரவல் கொப்பியும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் பிரதான மண்டபத்தில், பழைய மாணவிகளான பல்கலைக்கழக நூலகர்கள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



"ஸ்பெயினுக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசுங்கோ, படங்களும் காட்டுங்கோ" என்றுதான் செயலாளர் எங்களை அழைத்தார். படங்கள் இருக்கின்றன. கடைசியில் காட்டுகிறோம். ஆனால் நாங்கள் அங்கே போனது இந்தக் கல்லூரியின் நூலகத்தைப் பற்றிப் பேசுவதற்கு. ஆகவே இந்தப் பயணக் கதையில் பாதி மட்ரிட் நகரில் நடந்தது, மற்றப் பாதி இந்த மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறையில் நடந்தது.

எங்களைத் தெரியாத தங்கைமாருக்காக ஒரு வார்த்தை. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் கலைப்பிரிவில் உயர்தரம் படித்தவர்கள். பிறகு இருவரும் நூலகர்களானோம், வெவ்வேறு பல்கலைக்கழகங்களில். சர்வதேச நூலக, தகவல் விஞ்ஞான மாநாடு ஒன்று மட்ரிட்டில் நடக்கிறது என்று தெரிந்தபோது, சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். பயணச் செலவில் ஒரு பகுதிக்கு மானியம் கிடைத்தது. மிகுதி சீட்டுக் கட்டி எடுத்த காசு. விசா கையில் கிடைக்கும் வரை நாங்கள் பட்ட பாட்டை இங்கே சொல்லத் தேவையில்லை. வங்கிக் கணக்கு விபரம் கொடுத்து வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பித்த அனுபவம் இந்த மண்டபத்தில் பலருக்கு உண்டு.

கட்டுரை நம் நூலகத்தின் சேர்வுப் பதிவேட்டைப் பற்றியது. நூலகத்துக்கு ஒரு புத்தகம் வந்தவுடன் அதற்கு ஓர் எண் கொடுத்து, வந்த திகதி, ஆசிரியர், தலைப்பு, விலை எல்லாம் எழுதி வைக்கும் பெரிய கொப்பிதான் அது. நம் பதிவேட்டின் முதலாம் எண் ஓர் ஆங்கில அகராதி. விலை என்ற இடத்தில் "அன்பளிப்பு" என்று அழகான சாய்வெழுத்தில் இருக்கிறது. கடைசி எண் ஆறாயிரத்துக்கு மேல். அந்த ஆறாயிரத்தில் இன்று றாக்கையில் இருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

காரணம் உங்களுக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை அந்த இரவில் இருந்தவர்கள் அறிவார்கள். எமது நூலக ரீச்சர் அன்று மாலை சைக்கிளில் கல்லூரிக்கு வந்து அலுமாரியைத் திறந்து இரண்டு கொப்பிகளை மட்டும் எடுத்து, பொலித்தீனால் சுற்றிக் கரியரில் கட்டினார். ஒன்று சேர்வுப் பதிவேடு. மற்றது இரவல் கொப்பி. "ஏன் ரீச்சர், புத்தகங்களை விட்டுவிட்டுக் கொப்பிகளை எடுத்தீர்கள்?" என்று பின்னர் கேட்டோம். "ஆறாயிரம் புத்தகத்தைச் சைக்கிளிலை கட்டேலாது பிள்ளை. என்ன இருந்தது எண்டாவது தெரிய வேணுமே" என்றார். தமது பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார். முன்வரிசையில்தான் இருக்கிறார். 1996 இல் ஊர் திரும்பியபோது நூலக அறையில் கூரையும் இல்லை, றாக்கையும் இல்லை.

இதைத்தான் மட்ரிட்டில் இருபது நிமிடங்களில் சொன்னோம். முழுப் பேச்சும் சேர்வுப் பதிவேட்டைப் பற்றியது. எந்தக் காலத்தில் எந்தத் துறைப் புத்தகங்கள் வாங்கினார்கள், எப்போது தமிழ்ப் புத்தகங்கள் ஆங்கிலத்தை முந்தின, டூயி தசாம்சப் பகுப்பு எந்த ஆசிரியையின் கையெழுத்தோடு வந்தது என்றெல்லாம். இரவல் கொப்பியின் படம் ஒன்றைச் சும்மா அலங்காரத்துக்குப் போட்டிருந்தோம்.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா கையை உயர்த்தினார். ஓய்வுபெற்ற ஸ்பானிய நூலகர், எழுபது வயது தாண்டியிருக்கும். பக்கத்தில் இருந்த இளம்பெண் ஒருவர் மொழிபெயர்த்தார். கேள்வி இதுதான்: "அந்த இரண்டாவது கொப்பியில் கடைசியாகப் பெயர் எழுதப்பட்டவர்களிடம் புத்தகம் இருக்குமே. அவர்களிடம் கேட்டீர்களா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடங்களாக அழிந்த புத்தகங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தோம். அன்று நூலகத்தில் இருந்தவை அழிந்தன, இரவல் போனவை பிள்ளைகளின் பைகளில் இருந்தன என்ற சாதாரண விடயம் இரண்டு நூலகர்களின் மண்டையில் ஏறவில்லை. இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. அந்தக் கடைசிப் பக்கத்தில் எங்களுள் ஒருவருடைய பெயரும் இருக்கிறது. அதை எங்கள் பேச்சில் நாங்கள் சொல்லவில்லை.

தேநீர் இடைவேளையில் அந்த அம்மா எங்களைத் தேடி வந்தார். அவர் சொல்லித்தான் மரியா மொலினெர் என்ற பெயரை முழுமையாக அறிந்தோம். ஸ்பானிய அகராதி ஒன்றின் ஆசிரியர் என்று மட்டும் தெரிந்திருந்தது. அவர் நூலகர் என்பது எங்களுக்குத் தெரியாது.

மொலினெர் 1900 இல் பிறந்தவர். 1922 இல் அரச சுவடிக்கூட, நூலக சேவையில் சேர்ந்தார். 1931 இல் ஸ்பெயினில் குடியரசு அமைந்த பின், எழுத்தறிவு குறைந்த கிராமங்களுக்குப் புத்தகப் பெட்டிகள் அனுப்பும் திட்டம் ஒன்று தொடங்கியது. பெட்டிக்கு ஏறத்தாழ நூறு புத்தகம். சில வருடங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நூலகங்கள் உருவாயின. வலென்சியாப் பகுதியில் இருந்தவற்றை மொலினெர் ஊர் ஊராகப் போய்ப் பார்வையிட்டார். 1937 இல், உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, கிராம நூலகர்களுக்காக ஒரு சிறு வழிகாட்டி நூல் எழுதினார். புத்தகத்தை எப்படிப் பதிவது, எப்படி இரவல் கொடுப்பது, எப்படித் திரும்பப் பெறுவது என்பதையெல்லாம் சொல்லும் நூல் அது. குண்டு விழும் காலத்தில் இரவல் அட்டையைப் பற்றி எழுதியவர்! எங்கள் ரீச்சரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

யுத்தத்தில் மறுபக்கம் வென்றது. குடியரசுக்காக வேலை செய்தார் என்று அவரைச் சேவை நிரலில் 18 படிகள் கீழிறக்கினார்கள். பௌதிகப் பேராசிரியரான கணவரின் பதவியும் போயிற்று. பின்னர் மட்ரிட்டில் ஒரு பொறியியற் கல்லூரியின் நூலகத்தில் வேலை. ஐம்பது வயதைக் கடந்த பின், வேலை முடிந்து வந்து வீட்டில் சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பி ஓர் அகராதியைத் தொடங்கினார். பதினைந்து வருடம் எடுத்தது. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1972 இல் ஸ்பானிய மொழிக்கான அரச கழகத்தில் ஓர் இடத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. கழகம் வேறொருவரைத் தெரிவு செய்தது. அதுவரை அங்கே ஒரு பெண்ணுக்கும் ஆசனம் கிடைத்ததில்லை, 1978 இல்தான் முதற் பெண் தெரிவானார். மொலினெர் 1981 ஜனவரியில் காலமானார். அதே வருடம், மே 31 இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு செய்திகள். ஆனாலும் அந்த அம்மா 1981 என்று சொன்னவுடன் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மாநாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல கட்டுரைகள் சில, நித்திரை வரவழைத்தவை பல. மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு என்பது எங்கள் வயிற்றுக்குச் சரிவரவில்லை. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துத் தட்டையாகப் பொரிக்கும் ஒன்று எங்கள் உயிரைக் காப்பாற்றியது. கொண்டுபோன மிளகாய்த்தூள் இரண்டாம் நாளே முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் தேசிய நூலகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஐந்தாம் பிலிப் மன்னரின் காலத்தில் 1712 இல் திறந்த நூலகம் அது. இப்போதைய கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டினது. வாசலில் அகன்ற படிக்கட்டு, பெரிய சிலைகள். அங்கே பெண்கள் வாசகராக அமர 1837 வரை இடமிருக்கவில்லை. அந்த வருடம் அன்ரோனியா குத்தியெரஸ் புவெனோ என்ற பெண் எழுத்தாளர், தாம் எழுதும் நூலுக்கு அங்குள்ள புத்தகங்கள் தேவை என்று விண்ணப்பித்தார். அவர் அதற்கு முன் ஆண் புனைபெயரில் எழுதியவர். பெண்களுக்கென்று கீழ்த்தளத்தில் ஓர் அறை ஒதுக்கி அனுமதி கிடைத்தது. ஒருவர் கேட்டதால் திறந்த கதவு. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கல்லூரி எதற்கு என்று கேட்ட காலத்தில் இந்தக் கல்லூரியைத் தொடங்கியவர்களின் படங்கள் இந்தச் சுவரில் இருப்பதால் இதைச் சொல்கிறோம்.

கோர்டோபாவுக்குப் போக ஆசை. நேரமும் இல்லை, காசும் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் அங்கே இரண்டாம் ஹக்கம் என்ற கலீபாவின் நூலகத்துக்கு நூற்பெயர்களின் பட்டியல் மட்டுமே 44 தொகுதி இருந்தது என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய எழுத்தர்களில் லுப்னா என்ற பெண் ஒருவர். இலக்கணமும் கணிதமும் கற்றவர் என்று குறிப்பு உண்டு. அந்த நூலகத்தில் இன்று ஒன்றும் அங்கே இல்லை.

எஸ்கோரியலுக்கு மட்டும் போயே தீருவது என்று முடிவெடுத்தோம். மட்ரிட்டிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர். கடைசி நாள் காலையில் புறப்பட்டோம். இரண்டாம் பிலிப் மன்னர் 1563 இல் தொடங்கி 1584 இல் முடித்த மாபெரும் மடாலயமும் அரண்மனையும் அது. மலையடிவாரம், நல்ல குளிர். எங்கள் இரண்டு சேலைகளையும் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள்.

நூலக மண்டபம் 54 மீற்றர் நீளம். மேலே வளைந்த கூரை முழுவதும் ஓவியம். இலக்கணம், தர்க்கம், கணிதம், வானியல் என்று ஒவ்வொரு கலையும் ஒரு பெண்ணாக வரையப்பட்டிருக்கிறது. றாக்கைகளைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. புத்தகங்களை முதுகு உள்ளே போகும்படி வைத்து, பொன் பூசிய தாள் ஓரம் வெளியே தெரியும்படி அடுக்கியிருக்கிறார்கள். பார்க்க மண்டபமே மின்னுகிறது. தேடுகிற ஆள் என்ன செய்வது? பட்டியல் இல்லாவிட்டால் அந்த மண்டபம் வெறும் பொற்சுவர்.

அங்கே உள்ள அரபுச் சுவடிகளின் கதை எங்களை அதே இடத்தில் நிறுத்திவிட்டது. 1612 இல் மொரோக்கோவின் சுல்தான் முலாய் ஸைதான், உள்நாட்டுக் குழப்பத்தில் இடம்பெயர்ந்தபோது தமது நூலகத்தைக் கப்பலில் ஏற்றி இன்னொரு துறைமுகத்துக்கு அனுப்பினார். இடப்பெயர்வின்போது புத்தகத்தைக் கொண்டு போக நினைத்த மன்னர்! கப்பல்காரருக்குப் பேசிய கூலி கிடைக்கவில்லை. அவர் சரக்கோடு கிளம்பிவிட்டார். வழியில் ஸ்பானியக் கப்பல்கள் அதைப் பிடித்தன. ஏறத்தாழ 4,000 நூல்கள் எஸ்கோரியலுக்கு வந்து சேர்ந்தன. சுல்தான் திருப்பிக் கேட்டார், பின்வந்தவர்களும் கேட்டார்கள். கொடுக்கவில்லை. 1671 இல் அங்கே ஏற்பட்ட பெருந்தீயில் ஆயிரக்கணக்கான சுவடிகள் எரிந்தன. மிஞ்சிய அரபுச் சுவடிகளுக்கு லெபனானிலிருந்து வந்த மிகெல் கஸீரி என்ற பாதிரியார் பட்டியல் எழுதினார். இரண்டு தொகுதிகள், 1760 இலும் 1770 இலும் வெளிவந்தன. எது பிழைத்தது என்று உலகம் அறிந்தது அதன்பிறகுதான். கடைசியில் 2013 இல் ஸ்பானிய மன்னர் அந்தச் சுவடிகளின் நுண்படப் பிரதிகளை மொரோக்கோவிடம் கையளித்தார். நானூறு வருடம் கழித்து, பிரதி மட்டும்.

அது போதுமா என்று திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் வாதாடினோம். பொருளைக் கொடுக்காமல் படத்தைக் கொடுப்பது என்ன நியாயம் என்றார் ஒருவர். ஒன்றுமே இல்லாதவர்களுக்குப் பிரதி பெரிய விடயம் என்றார் மற்றவர். ஸ்பெயினுக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1939 இல் கத்தலோனியாவில் பிராங்கோவின் தரப்பு அள்ளிச் சென்ற ஆவணங்கள் சலமன்கா நகரில் இருந்தன. எதிரிகளைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதற்காகச் சேர்த்த கடதாசிகள் அவை. 2005 இல் சட்டம் இயற்றி, 2006 இல் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். சலமன்காவில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது. எங்கள் வாதம் மட்ரிட் வந்தும் முடியவில்லை. ஊருக்கு வந்து, ஒரு வீட்டில்தான் முடிந்தது.

நாடு திரும்பிய மறுகிழமை ரீச்சரிடம் போனோம். இரவல் கொப்பியைத் தந்தார். ஒக்டோபர் முதற்கிழமையோடு பதிவு நிற்கிறது. "திருப்பிய திகதி" என்ற நிரல் வெறுமையாக உள்ள பெயர்கள் நாற்பத்தொன்று. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விசாரிக்கத் தொடங்கினோம். முதல் பதில் ரொறன்ரோவிலிருந்து வந்தது. கிளிநொச்சியில் ஒரு புளிய மரத்தின் கீழிருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்த புவியியல் புத்தகம், கல்லூரி முத்திரையோடு இன்னும் அவருடைய அலுமாரியில் இருக்கிறதாம். "தண்டப்பணம் எவ்வளவு வரும்?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், 2009 வரை வைத்திருந்தேன், பிறகு இல்லை என்று மட்டும் எழுதினார். நாங்கள் மேலே கேட்கவில்லை.

கொப்பியில் உள்ள பெயர்களில் ஒன்று இன்று உயிரோடு இல்லாத தோழியுடையது. அவருடைய அம்மா ஊரிலேயே இருக்கிறார். போவதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்துப் போனோம். விடயத்தைச் சொன்னதும் அம்மா உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கவிதைத் தொகுதியை எடுத்து வந்தார். முதற்பக்கத்தில் நம் முத்திரை, சேர்வு எண். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் தோழியின் கையெழுத்து. நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று ரீச்சர் எத்தனை முறை ஏசியிருப்பார்!

"பிள்ளையள், இது கல்லூரியின்ரை சாமான். ஆனால் அவவின்ரை எழுத்து வேறை எங்கையும் என்னட்டை இல்லை" என்றார் அம்மா. நாங்கள் புத்தகத்தைக் கொண்டு வரவில்லை. அங்கேயே மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தோம், பென்சில் குறிப்புகள் தெளிவாகத் தெரியும்படி. அம்மா பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு குறிப்பையும் எங்களைக் கொண்டு வாசிப்பித்தார். கொப்பியில் அந்த வரிக்கு நேரே "பிரதி கிடைத்தது, நூல் தாயாரிடம்" என்று எழுதினோம். அதிபரும் ரீச்சரும் ஒப்பமிட்டார்கள்.

ஆகவே, தோழிகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டு அலுமாரியில், பரணில், அப்பா அம்மா விட்டுப் போன பெட்டியில் ஒருமுறை பாருங்கள். நம் முத்திரை உள்ள புத்தகம் இருந்தால் அறியத் தாருங்கள். திருப்பித் தர விரும்பினால் மகிழ்ச்சி. தர மனம் வராவிட்டால் முத்திரைப் பக்கத்தையும் நீங்கள் எழுதிய பக்கங்களையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து சங்கத்துக்கு அனுப்புங்கள். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே எழுத எங்களுக்கு அது போதும். பழைய கல்லூரி மலர்களும் தேவை. 2005 முதல் 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்துப் பாடசாலை மலர்கள் பலவற்றை மின்வருடிச் சேர்த்து வருகிறது. நம்முடையதில் விடுபட்ட வருடங்களை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். இரவல் கொப்பியின் பெயர்களை மலரில் அச்சிடவில்லை. அது ரீச்சரின் முடிவு, எங்களுடையதும். தனியே கேட்டால் உங்கள் வரியை மட்டும் பார்த்துச் சொல்வோம்.

கடைசியாக, எங்களுள் ஒருவரின் கணக்கு. உயர்தர வகுப்பில் எடுத்த ருஷ்யச் சிறுகதைத் தொகுதி ஒன்று, நாவற்குழி மழையில் நனைந்து, அட்டை வீங்கி, மூன்று மாவட்டங்களில் எட்டு வீடுகளில் இருந்துவிட்டு இன்று காலை திரும்பி வந்திருக்கிறது. முன்வரிசைக்குப் போய் ரீச்சர் கையில் கொடுத்தோம். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு உறை போட்டிருக்கலாம்" என்றார்.

படங்களைக் காட்டிய பின் நாங்கள் இருவரும் நூலக அறையில் இருப்போம். கொப்பி மேசையில் இருக்கும்.